இரண்டு வசனங்களும் ஒரு முதுகெலும்பும்

முதுகு வலிப்பதை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்யும் பெண்பிள்ளை யாராவது ஒருத்தி இதைப் படித்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் ஞானப்பூ. ஆய்க்குடிக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மிஷன் ஆரம்பப் பள்ளி டீச்சர். இப்போது என்னைப் பார்க்கிறவர்களுக்கு, கொஞ்சம் விறைப்பாக நடக்கிற பெண் என்று மட்டும்தான் தோன்றும். இருபது வயதில் நான் ஒரு வருஷத்துக்கு மேல் மல்லாந்த நிலையிலேயே, ஒருக்களித்துக்கூடப் படுக்காமல் கிடந்தவள் என்று சொன்னால் புதிதாகப் பழகுகிறவர்கள் நம்புவதில்லை.

எங்கள் அப்பாவும் அதே பள்ளியில் வாத்தியாராக இருந்தார்கள். இருமல் பிடித்து, இளைத்து, கடைசி வருஷம் கட்டிலை விட்டு எழாமலே இறந்துபோனார்கள். நெஞ்சுச் சளி என்றுதான் வீட்டில் பேச்சு. அதன் சரியான பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்ததும், துப்பிய கிண்ணத்தைக் கழுவியதும் நான்தான். அப்போது எனக்குப் பதினேழு வயது. ஆசிரியப் பயிற்சியை அந்த வருஷம்தான் முடித்திருந்தேன். தங்கை ஜெயசீலி என்னைவிட ஏழு வயது சின்னவள். அம்மா தங்கநேசம் வாத்தியார் வீட்டம்மா என்று ஊர் மரியாதையோடு வாழ்ந்தவள். வீட்டு வேலை தவிர வேறு வேலைக்குப் போனதில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் உபதேசியார் வந்தார். ஐயர் என்று நாங்கள் சொல்லும் பாதிரியார் வர முடியாத ஞாயிறுகளில் எங்கள் ஊர்க் கோயிலில் ஆராதனை நடத்துகிறவர் அவர். நரைத்த மீசை, தேய்ந்த செருப்பு, எப்போதும் கக்கத்தில் வேதப்புத்தகம். அதில் புலம்பல் ஆகமத்தைப் பிரித்து, இளம் வயதிலேயே நுகத்தைச் சுமப்பது ஒரு மனுஷனுக்கு நல்லது என்று வருகிற இடத்தை வாசித்தார்.

"ஞானம், ஒங்கப்பா எடத்துல இனி நீதாம்மா. கர்த்தர் ஒன் தோளப் பாத்துத்தான் வச்சிருக்காரு" என்றார்.

அது எனக்குக் கசக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது. பதினேழு வயதில், உன்னால் முடியும் என்று ஒருவர் வேதத்தைத் திறந்து சொன்னால் எந்தப் பிள்ளைக்குத்தான் நெஞ்சு நிமிராது? அப்பாவின் வேலை எனக்குக் கிடைத்தது. பள்ளிக்கூடம், சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தனிப்பாடம், கிணற்றிலிருந்து தண்ணீர், விறகு என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். அம்மாவை எதையும் தொட விடவில்லை. சீலி புத்தகத்தைத் தவிர எதையும் தூக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து முதுகில் வலி வந்தது. தோள்பட்டைகளுக்குக் கீழே, நட்ட நடுவில், ஒரு விரலால் அழுத்திக்கொண்டே இருப்பதுபோல. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று காயும். ரவிக்கைகள் தொளதொளத்துப் போயின. கீழே விழுந்த சாக்பீஸைக் குனிந்து எடுக்க முடியாமல், முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுக்கப் பழகினேன். வகுப்புப் பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டேன். வலிக்கும்போதெல்லாம் வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். நுகம் என்றால் அழுத்தத்தானே செய்யும் என்று எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் அம்மா எனக்குத் தலை பின்னும்போது கை முதுகில் பட்டது. "ஏட்டி, இங்கன என்ன முட்டிக்கிட்டு நிக்கி?" என்றாள். முதுகெலும்பில் ஒரு கணு வெளியே துருத்தியிருந்தது.

"வேலை செஞ்சா அப்படித்தான் இருக்கும்மா."

அம்மா நம்பவில்லை. சாரல் தொடங்கியிருந்த சமயம். குற்றாலத்து அருவியில் நின்றால் எந்த முதுகுவலியும் பறந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்கும் தெரிந்த வைத்தியம். ஒரு சனிக்கிழமை என்னையும் சீலியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மலையெல்லாம் மேகம் இறங்கி, ரோட்டோரம் முழுக்க எண்ணெய் தேய்த்த உடம்புகளோடு ஜனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் ஒரு பாறையில் உட்கார வைத்து அம்மா எனக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டாள். அந்தக் கணுவின் மேல் மட்டும் மெதுவாக, ஊதிக்கொண்டே தேய்த்தாள்.

அருவிக்குள் நுழைந்தேன். தலையில் விழும்போது சுகமாகத்தான் இருந்தது. "முதுகக் காட்டுட்டி, முதுகக் காட்டு" என்று அம்மா வெளியே நின்று கத்தினாள். திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். கல்லை அள்ளிக் கொட்டியதுபோல் இருந்தது. ஒரு மின்னல் அடித்து இரண்டு கால் வழியாகவும் இறங்கிப் போனது. அப்புறம் கால்கள் எனக்குச் சொந்தமில்லாதவைபோல் மடங்கின. முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் என் அக்குளில் கைகொடுத்து வெளியே இழுத்துப் போட்டார்கள். சீலி என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நான் பிடிச்சிருக்கேன் தெரியுதா?" என்று கேட்டாள். தெரிந்தது. ஆனால் கம்பளி சுற்றிய காலைத் தொடுவதுபோல எங்கோ தூரத்தில் தெரிந்தது.

குதிரை வண்டியில் என்னைப் படுக்கவைத்துத் தென்காசிக்குக் கொண்டுவந்தார்கள். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலுக்கும் அம்மா, "ஏசப்பா, ஏசப்பா" என்றாள். எண்ணெயும் ஈரமுமாக மிஷன் ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தோம். எதிர்ப் பெஞ்சில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்து, குளிக்கப் போன இடத்தில் வழுக்கி விழுந்த கூட்டம் என்று பேசிக்கொண்டார்கள்.

இரத்தம் எடுத்தார்கள். முன்கையில் ஒரு ஊசியைத் தோலுக்கு அடியில் போட்டு, அந்த இடம் எவ்வளவு தடிக்கிறது என்று பார்க்க இரண்டு மூன்று நாள் காத்திருக்கச் சொன்னார்கள். காசநோய்க் கிருமி உடம்பில் புகுந்திருந்தால் அது சிவந்து தடிக்குமாம். எனக்கு முன்கை பணியாரம்போல் வீங்கியது. எக்ஸ்ரே எடுக்க இருட்டறையில் குளிர்ந்த பலகையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்தேன்.

டாக்டரம்மா நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். சிரிப்பே வராத முகம். எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எனக்கும் அம்மாவுக்கும் காட்டினார்கள். முதுகெலும்பின் மற்றக் கண்ணிகளெல்லாம் கட்டம் கட்டமாக ஒழுங்காக இருந்தன. இரண்டு மட்டும் கரையான் தின்ற சட்டம்போல அரித்து, ஒன்றின்மேல் ஒன்று சரிந்திருந்தன.

"எத்தனை நாளா வலி?"

"ஒரு வருஷம் இருக்கும் டாக்டரம்மா."

"ஒரு வருஷமா? யார்கிட்டயும் சொல்லலியா?"

"தாங்கிக்கிடலாம்னு இருந்தேன்."

"எதுக்குத் தாங்கணும்?"

நான் வசனத்தைச் சொன்னேன். அவர்கள் படத்தை இறக்கவே இல்லை. "எலும்பு வேதம் வாசிக்காதும்மா" என்றார்கள்.

பிறகு பொறுமையாக விளக்கினார்கள். அப்பாவுக்கு இருந்த அதே காசநோய்தான். நெஞ்சில் மட்டும்தான் அது தங்கும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். இரத்தத்தோடு பயணம் செய்து எலும்பிலும் போய் உட்காருமாம். கண்ணியைக் கரைத்து, அங்கே சீழ் சேர்ந்து, அந்தச் சீழ் முதுகெலும்புக்கு உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டை நெருக்குகிறது. ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த எலும்பில் அருவி இடித்ததால் நெருக்கம் கூடிவிட்டது. அதனால்தான் கால்கள் போயின.

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

"கால் திரும்பி வருமா டாக்டரம்மா?"

"வரலாம். வராமலும் போகலாம். மருந்து கொடுக்கிறது என் வேலை. அசையாமக் கிடக்கிறது உன் வேலை. மாசக்கணக்கில ஆகும். செய்வியா?"

"செய்வேன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வது எளிதாக இருந்தது. எதையும் தாங்குவதில் எனக்கு மூன்று வருஷப் பழக்கம் இருந்ததே!

என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கழுத்திலிருந்து இடுப்புக்குக் கீழ்வரை ஈரமான பிளாஸ்டர் துணிகளை அடுக்கடுக்காகப் போட்டார்கள். முதலில் சில்லென்று இருந்தது, இறுக இறுக இளஞ்சூடானது. இறுகியதும் எடுத்துக் காயவைத்து, உள்ளே பஞ்சு பதித்து, ஒரு ஓடுபோல ஆக்கினார்கள். அந்த ஓட்டுக்குள் என்னை மல்லாத்திப் படுக்கவைத்துக் கட்டினார்கள். பிளாஸ்டர் படுக்கை என்று பெயர். சீலி அதைப் பார்த்துவிட்டு, "ஆமை மல்லாந்து கெடக்க மாதிரி இருக்கக்கா" என்றாள். பல நாளுக்குப் பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

காலையில் ஊசி. ஸ்ட்ரெப்டோமைசின். அது போட்டால் காதுக்குள் சுவர்க்கோழி கத்தும், தலை சுற்றும். அப்புறம் பாஸ் என்று ஒரு தூள், தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். குடித்த கொஞ்ச நேரத்தில் குடலையே வெளியே இழுப்பதுபோல் குமட்டும். மல்லாந்து கிடக்கிறவள் வாந்தி எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. ஒன்றிரண்டு சின்ன மாத்திரைகளும் உண்டு, அவை பரவாயில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய கஷ்டம் படுக்கையிலேயே வெளிக்கிருப்பது. யாரையும் ஒரு செம்பு தண்ணீர்கூடக் கேட்காத நான், அதற்குக்கூட ஆள் கேட்டுக் கூப்பிட வேண்டியிருந்தது. முதல் வாரம் கேட்க வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு, காய்ச்சலே வந்துவிட்டது. டாக்டரம்மா திட்டிய திட்டில் அந்த வெட்கம் போனது.

இதில் ஆஸ்பத்திரிச் செலவும் சேர்ந்துகொண்டது. பாதியை மிஷன் தள்ளிக் கொடுத்தது. பள்ளியில் என் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டதால் மீதிக்கு வழி தெரியவில்லை. அம்மாவின் காதும் கழுத்தும் வெறுமையாகிக்கொண்டு வந்ததை, அவள் குனிந்து எனக்குச் சோறு ஊட்டும்போதெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் வேலம்மாள் அக்கா. சுந்தரபாண்டியபுரத்து விவசாய வீட்டுப் பெண். மாட்டுவண்டியிலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. காலைத் தூக்கி, உருளையில் கயிறு மாட்டி, கயிற்றின் நுனியில் மணல் பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். எலும்பு சுருங்காமல் நேராகச் சேர அந்தப் பாரம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டுமாம். கால்தான் கட்டிக் கிடந்ததே தவிர வாய்க்கு ஒரு கட்டும் இல்லை. டாக்டரம்மாவின் நடை, கம்பவுண்டரின் மீசை எதையும் விட மாட்டாள்.

"ஏட்டி டீச்சரே, எந்நேரமும் முணுமுணுன்னு என்னத்தட்டி சொல்லிக்கிட்டுக் கெடக்க?"

"வேத வசனம்க்கா."

"என்னன்னு சொல்லேன். நாங்களும் கேப்போம்லா?"

சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள்.

"நுகம்னா மாட்டுக் கழுத்துல வைக்கோம்லா, அதா?"

"அதேதான்."

"நாங்க காலைல பூட்டுனா, வெயிலு ஏறுனதும் அவுத்து விட்டுருவோம். ஒங்க சாமி அவுக்கவே மாட்டாராக்கும்?"

வார்டே சிரித்தது. எனக்குக் கோபமான கோபம். திரும்பிப் படுத்து முகத்தை மறைக்கக்கூட வழியில்லாததால் கண்ணை மூடிக்கொண்டேன். அவளுக்கு ஒரு நல்ல பதில் சொல்லவேண்டும் என்றே வேதப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் முகத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து வாசிக்கத் தொடங்கினேன். கை கடுத்துப்போகும், நெஞ்சில் சாய்த்துவிட்டு மறுபடி தூக்குவேன்.

பதில் மத்தேயு சுவிசேஷத்தில் இருந்தது. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகத் தெரிந்த இடம்தான். எங்கள் கோயில் சுவரிலேயே எழுதியிருக்கிறது. வருத்தப்பட்டுப் பாரம் சுமக்கிறவர்களை வரச்சொல்லி, இளைப்பாறுதல் தருவதாக இயேசு அழைக்கிற இடம். நான் அதைக் கிழவர்களுக்கும் சாகக் கிடப்பவர்களுக்கும் உரியது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இளவயதுக்காரி நான், எனக்கு நுகம்தான், இளைப்பாறுதல் பிறகு என்று நினைப்பு. இப்போது வாசித்தபோது அங்கே வயதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. இளைப்பாற வா என்று கூப்பிட்டவரே அடுத்த மூச்சில் தம்முடைய நுகத்தையும் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆனால் அது மெதுவானது, அதாவது மிருதுவானது, இலேசானது என்கிறார்.

அப்படியானால் மூன்று வருஷம் என் முதுகில் இருந்தது எது? அது மெதுவாகவும் இல்லை, இலேசாகவும் இல்லை. என் முதுகெலும்பை அல்லவா அரித்திருக்கிறது! நோய் கிருமியால் வந்தது என்று டாக்டரம்மா சொன்னது சரி. ஆனால் ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தது கிருமியின் வேலை இல்லை. இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பல நாள் கிடந்தேன். விடை எனக்கு யோசித்து வரவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்டை போட்டுத்தான் வந்தது.

அம்மா எனக்குத் துணையாக ஆஸ்பத்திரியிலேயே இருந்தாள். சீலி ஊரில் பக்கத்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஏழாம் வகுப்புப் படித்தாள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் யாருடனாவது வருவாள். அன்று உபதேசியாரோடு வந்தாள். புதுப் பாவாடை கட்டியிருந்தாள்.

"ஏது இது?" என்றேன்.

"எஸ்டேட்டுக்குப் போறதுக்கு அம்மா எடுத்துத் தந்தா" என்று சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஜன்னலைப் பார்த்தாள்.

உபதேசியார்தான் விளக்கினார். "புனலூர்ப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டும்மா. நம்ம சபைக்காரர் ஒருத்தர் அங்கன கணக்கப்பிள்ளை. பங்களாவுல சின்னப் பிள்ளைகளப் பாத்துக்கிடணும். சாப்பாடு, துணிமணி, மாசம் பொறந்தா வீட்டுக்கும் அனுப்பிருவாவ. நல்ல எடந்தான். வார சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறாவ."

"அவ படிக்கால்லா ஐயா?"

"ஒரு ரெண்டு வருஷந்தான? இளவயசுல நுகம்..."

"ஐயா, அத முடிக்காதீங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எழுந்து உட்கார முடியாது. உத்திரத்தைப் பார்த்துக்கொண்டேதான் பேசவேண்டும். பேசினேன்.

"அத எழுதுனவரு ஊரே எரிஞ்சு போயி, எல்லாம் இழந்து நின்னுக்கிட்டுச் சொல்லுதாரு. தன் தோளுல விழுந்ததப் பத்திச் சொல்லுதாரு. அடுத்தவுக பிள்ளையோட தோளத் தேடிக்கிட்டுப் போகல. நான் சுமந்தேன். அத நானேதான் எடுத்து வச்சேன், ஒங்க மேல எனக்கு வருத்தமில்ல. அது எனக்கு நல்லதா கெட்டதான்னு நான் சொல்லிக்கிடுதேன். ஆனா இவ தோளுல வைக்க எனக்கும் உரிமை கெடையாது, ஒங்களுக்கும் கெடையாது. பாரம் சுமக்கவங்கள வாங்கன்னுதான் அவரு கூப்புட்டாரு. பாரம் இல்லாத பிள்ளைக்கு ஒரு பாரம் தேடிக் குடுங்கன்னு எங்கயாவது எழுதியிருக்கா ஐயா?"

உபதேசியார் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது.

"பத்து வயசுல என்னப் பனையேற அனுப்புனாவம்மா" என்றார் கடைசியில். "எனக்கும் அப்பா இல்ல. கையெல்லாம் உரிஞ்சு சீழ் வைக்கும். அப்ப யாரோ சொன்ன வசனம் அது. அதத் தவிர எனக்கு யாரும் ஒண்ணும் குடுக்கல. அதப் பிடிச்சுக்கிட்டுத்தான் இம்புட்டுத் தூரம் வந்தேன்."

அவர் கையில் இருந்ததை அவர் கொடுத்தார், அவ்வளவுதான். அவரைத் தூக்கிநிறுத்திய வசனம் அது. என்னையும் இரண்டு வருஷம் அதுதான் தூக்கிநிறுத்தியது. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

"ஒங்க கைக்கு யாராவது மருந்து போட்டாவளா ஐயா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

அன்று அவர் ஜெபம் பண்ணாமலே எழுந்து போனார். அப்படி அவர் போனதை நான் பார்த்ததே இல்லை.

அவர் போனதும் அம்மா வெடித்தாள். "பேசிட்ட, நல்லாப் பேசிட்ட. எப்படிச் சாப்பிடுதது, அதச் சொல்லு. எம் மூத்தவ இப்படிக் கெடக்கா, சின்னவள அனுப்பணும்னு எனக்கு ஆசையாட்டி?"

"எனக்குத் தெரியலம்மா. அவள மட்டும் அனுப்பாத."

சீலி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போறேங்க்கா, எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். வலியை மறைக்க நான் சொல்லிவந்ததுபோலவே இருந்தது அந்த 'ஒண்ணுமில்ல'. அதைக் கேட்டதும் என் முடிவு இன்னும் கெட்டியானது. வயிறு காய்ந்தாலும் சரி, இந்தப் பிள்ளை வாயிலிருந்து இன்னொரு முறை இந்தச் சொல் வரக் கூடாது.

இரண்டு நாள் அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் காணவில்லை. மத்தியானம் வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. கை விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. சோப்பும் சோடாவுமாக வாசனை.

"எங்கம்மா போன?"

"சலவைக்கூடத்துல ஆள் வேணும்னாவ. கேட்டேன். இருக்கச் சொல்லிட்டாவ."

ஆஸ்பத்திரித் துணி என்றால் இரத்தமும் சீழும் மலமும். ஊரில் வாத்தியார் வீட்டம்மா என்று எழுந்து இடம் கொடுப்பார்கள். நாளைக்கே இது ஊர் முழுக்கப் பரவும்.

"ஊருல என்ன சொல்லுவாவம்மா?"

"சொல்லுதவ சொல்லட்டும். இருக்கதுல தெம்பா இருக்கவ நான்தானட்டி? ஒங்கப்பா போனதுலேருந்து ஒம் முதுகுல ஏறி உக்காந்துக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கே இப்பத்தான் தெரியுது." ஈர முந்தானையைப் பிழிந்தாள். "சீலி இங்கனயே வந்து எங்கூட இருப்பா. பக்கத்துப் பள்ளிக்கூடத்துல சேக்கலாம்னு மேட்ரன் அம்மா சொன்னாவ."

சனிக்கிழமை எஸ்டேட்காரர் வரவில்லை. உபதேசியாரே செங்கோட்டை வரைக்கும் போய், பிள்ளை படிக்கிறது, வர வேண்டாம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

அம்மாவுக்கு முதல் மாதம் கை வெந்துபோனது. ஐப்பசி மழையில் விரிப்புகள் காயாது. கரி இஸ்திரிப்பெட்டியால் தேய்த்துத் தேய்த்துத்தான் காயவைப்பார்கள். குளிர் அதிகமான நாட்களில், தேய்த்த சூடு ஆறாத ஒரு விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவருவாள். என் கால்மேல் போர்த்திவிட்டு, "சூடு தெரியுதா?" என்பாள். முதலில் தெரியாது. தெரியவில்லை என்றே சொல்வேன். பொய் சொல்வதை நான் நிறுத்தியிருந்தேன். அவளும் முகம் வாடாமல், "நாளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

இடையில் டாக்டரம்மா விலாப்பக்கத்தில் நீண்ட ஊசி குத்திச் சீழை உறிஞ்சி எடுத்தார்கள். மோர் நிறத்தில் வந்தது. அது நோகத்தான் செய்தது. "நோவுதுன்னா கத்து" என்றார்கள். கத்தினேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். கத்தினால் வலி குறையாது, ஆனால் தனியாக இருப்பதுபோல் தோன்றுவதில்லை.

கிறிஸ்துமஸ் கழிந்த ஒருநாள் காலை. பாஸ் குடித்துக் குமட்டலோடு கண்ணை மூடிக் கிடந்தேன். வேலம்மாள் அக்கா திடீரென்று அலறினாள்.

"ஏட்டி! ஏட்டி டீச்சரே! ஒம் பெருவிரலு ஆடுது!"

"கேலி பண்ணாதீங்கக்கா."

"எங்க வீட்டு மாட்டு மேல சத்தியமா. இன்னொருக்க ஆட்டு!"

எனக்கு என் கால் தெரியாது. பிளாஸ்டர் ஓட்டுக்குள் கிடப்பவளுக்குத் தன் பாதத்தைப் பார்க்க வழியில்லை. நெற்றியில் வேர்வை துளிர்க்க, விரலை நினைத்து முயன்றேன்.

"ஆடுது! ஆத்தாடி, ஆடுது! யாராவது அந்தச் சலவைக்காரம்மாளக் கூப்புடுங்களேன்!"

அம்மா நுரைக் கையோடு ஓடிவந்தாள். என் பாதத்தைப் பிடித்தாள். நான் விரலை அசைத்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, என் கட்டில் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். டாக்டரம்மா வந்து ஒரு ஊசிமுனையால் உள்ளங்காலைக் கீறிப் பார்த்துவிட்டு, "ம்" என்றார்கள். எங்களுக்கு அந்த 'ம்' போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகும் மாதங்கள் ஆயின. வேலம்மாள் அக்கா கோல் ஊன்றி வீட்டுக்குப் போனாள். மறுபடி சாரல் வந்து, குற்றாலம் போகிற பஸ்களில் கண்டக்டர்கள் கூவுவது வார்டுவரை கேட்டது. ஒருநாள் என்னை ஓட்டிலிருந்து எடுத்து, தோல் பட்டையும் இரும்புக் கம்பியுமான ஒரு சட்டத்தை உடம்பில் பூட்டி, நிற்கவைத்தார்கள். உலகம் சுற்றியது. ஒருபக்கம் அம்மா, மறுபக்கம் சீலி. இருவர் மேலும் முழுப் பாரத்தையும் போட்டு நின்றேன். விடு, நானே நிற்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. முதல் அடியை அவர்கள் தோளில்தான் வைத்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா, "ஒரு குடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாது. ரொம்ப நேரம் நிக்கக் கூடாது. எங்க வலிச்சாலும் அன்னிக்கே இங்க வரணும்" என்றார்கள். எழுதித் தரவா என்றும் கேட்டார்கள். வேண்டாம், மறக்க மாட்டேன் என்றேன்.

அம்மா வேலையை விடவில்லை. விடவும் மனமில்லை அவளுக்கு. தென்காசியிலேயே வாடகைக்கு ஒரு அறை எடுத்தோம். சீலி ஹைஸ்கூலில் சேர்ந்தாள். ஊரில் சிலர் அம்மாவின் வேலையைப் பற்றிப் பேசத்தான் செய்தார்கள். அதை எங்களிடம் கொண்டுவந்து சொன்னவர்களை உட்காரவைத்து, அம்மாவே காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினாள்.

நோய் முழுவதும் அடங்கிவிட்டது என்று டாக்டரம்மா எழுதித் தந்த பிறகு, என் பழைய பள்ளிக்கே மறுபடி வேலை கேட்டுப் போனேன். கிடைத்தது. முதல் நாள் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன். சட்டத்தின் இரும்பு இடுப்பில் உறுத்தியது. வகுப்புக்குள் போனதும் அலுவலக அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போடச் சொன்னேன்.

தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். எங்கள் பள்ளியில் அதுவரை யாரும் உட்கார்ந்து பாடம் நடத்தியதில்லை. நின்றால்தான் பிள்ளைகளுக்குப் பயம் இருக்கும் என்பது அவருடைய கொள்கை.

"டீச்சரே உக்காந்துட்டா பிள்ளைக அடங்குமா?" என்றார்.

"எனக்கு ரொம்ப நேரம் நிக்க முடியாது சார். வலிக்கும்" என்றேன்.

வகுப்பு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னையும் நாற்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார். நான் நாற்காலியைக் கரும்பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போடச் சொல்லி, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாய்ப்பாட்டைத் தொடங்கினேன்.